"அண்ணே, ரிலே ஓடுதுதான், ஆனா…": டோர் ரிலேக்கான பிழை நீக்கும் வழிமுறை

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலுமாக எங்களில் ஏழெட்டுப் பேர் டோர் வலைக்கு ரிலே ஓட்டுகிறோம். டோர் என்பது இணையத்தில் யார் எங்கே போகிறார் என்று தெரியாமல் மறைக்கும் தொண்டர் வலை. அதன் ட்ராஃபிக்கைக் கைமாற்றி அனுப்பும் கணினிதான் ரிலே. சிலர் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த சேவரில், இரண்டு பேர் வீட்டுப் பைபர் இணைப்பில், மிச்சப் பேர் ஸ்னோஃப்ளேக்கோடு (தடைக்குள் இருப்பவரை டோருக்குள் விடும் சின்ன வாசல்) நிற்கிறார்கள். எங்காவது பிசகினால் போன் எனக்குத்தான் வரும். எனக்கு அதிகம் தெரியும் என்பதால் அல்ல. முதலில் ஆரம்பித்தவன் நான். அதனால் எல்லாப் பிழையையும் முதலில் விட்டவனும் நான்.

போனை எடுத்தால் எல்லோருக்கும் ஒரே வசனம்: "அண்ணே, ரிலே ஓடுதுதான், ஆனா…" அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதையெல்லாம் கீழே தலைப்புகளாகப் போட்டிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கிற காரணம் கடைசியில். கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். எல்லாம் டெபியன் என்ற லினக்ஸை வைத்துச் சொல்வது. உபுண்டுவிலும் அநேகமாக இதேதான்.

எதையும் தொடுவதற்கு முன்

"ஓடுதுதான்" என்று எப்படித் தெரிந்தது? நூற்றுக்குத் தொண்ணூறு பேர், சேவைகளின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல்லில் "டோர்" என்று மட்டும் கேட்டிருப்பார்கள். அது "ஆக்டிவ்" என்று பச்சை நிறத்தில் பதில் சொல்லும். பக்கத்தில் அடைப்புக்குள் "எக்ஸிட்டட்" என்று சின்னதாக இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. டெபியனில் "டோர்" என்ற சேவை வெறும் பெயர்ப்பலகை. உண்மையில் வேலை செய்வது "டோர் அட் டிஃபால்ட்". அது செத்துக் கிடந்தாலும் பெயர்ப்பலகை பச்சையாகவே தொங்கும். ஆகவே நிலையைக் கேட்பதும் லொக் (பதிவேடு) பார்ப்பதும் "டோர் அட் டிஃபால்ட்" என்ற பெயரில்தான். ஜர்னல்சிடிஎல்லில் அந்தப் பெயரைக் கொடுத்துக் கடைசி ஐம்பது வரியை வாசியுங்கள். வாசித்த பிறகு எனக்குப் போன் எடுங்கள். பாதிப் பேர் அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை.

அறிகுறி 1: டோர் திட்டத்தின் ரிலே தேடல் பக்கத்தில் பதிப்பு பழையது என்று எச்சரிக்கை

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக எடுப்பேன், ஏனென்றால் இது வலிக்காத நோய். ரிலே ஓடும், ட்ராஃபிக் போகும், ஒன்றும் குறையில்லாதது போலவே இருக்கும். ஓட்டை தெரிந்த பதிப்பில் ஓடுகிற ரிலேயைவிட நிறுத்தி வைத்த ரிலே மேல் என்பது என் கட்சி. ஆதரவு முடிந்த பதிப்பு வரிசையில் ஓடுகிற ரிலேக்களை, வலையின் ரிலேப் பட்டியலைத் தீர்மானிக்கும் டைரக்டரி அத்தோரிட்டிகள் ஒரு கட்டத்தில் பட்டியலிலிருந்தே தள்ளிவிடுவார்கள். எச்சரிக்கையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தால் கடைசியில் அதுதான் நடக்கும்.

*புதுப்பித்தாயிற்று, மறுதொடக்கம் ஆகவில்லையா?* "டோர் மைனஸ் மைனஸ் வெர்ஷன்" என்று கேட்டால் வட்டில் இருக்கும் பதிப்பைச் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பு, லொக்கில் டோர் கடைசியாகத் தொடங்கிய இடத்தில் இருக்கும். இரண்டும் வேறென்றால் சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டும் ஒன்றுதான், புதியதும்தான் என்றால் சில மணிநேரம் பொறுங்கள். தேடல் பக்கம் உடனே மாறாது. ஓபன்எஸ்எஸ்எல் போன்ற மென்பொருள் நூலகங்கள் புதுப்பிக்கப்பட்டாலும் டோரை மறுதொடக்கம் செய்தால்தான் அவை வேலைக்கு வரும். "நீட்ரீஸ்டார்ட்" என்ற சின்னப் பொதியை நிறுவிக்கொண்டால் அதுவே நினைவூட்டும்.

*தானியங்கிப் புதுப்பிப்பு டோரைத் தொடுகிறதா?* எங்கள் ஆட்களிடம் அதிகம் கண்ட காரணம் இதுதான். "அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்" போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பார்கள். அது தன்பாட்டில் டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தை மட்டுமே நம்பும். டோர் திட்டத்தின் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால், அதன் அமைப்புக் கோப்பில் அனுமதித்த மூலங்களின் வரிசையில் "ஒரிஜின் சமன் டோர்புரொஜெக்ட்" என்ற வரியையும் நீங்களே சேர்க்கவேண்டும். சேர்த்த பிறகு "மைனஸ் மைனஸ் டிரை-ரன்", "மைனஸ் மைனஸ் டீபக்" இரண்டையும் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டோரின் பெயர் அனுமதித்த மூலங்களில் வருகிறதா என்று கண்ணால் கண்டால்தான் நம்பவேண்டும். அக்கரைப்பற்றில் ஒரு தம்பி அந்த வரியைச் சேர்த்திருந்தார், கடைசியில் அரைப்புள்ளி போடவில்லை. மாதக்கணக்கில் டோர் மட்டுமில்லை, ஒன்றுமே புதுப்பிக்கப்படவில்லை.

*"ஏபிடி அப்டேட்" கையொப்பச் சாவியைப் பற்றிக் கத்துகிறதா?* களஞ்சியத்தின் சாவியை ஆரம்பத்தில் கையால் இறக்கி வைத்திருப்பீர்கள், அதன் காலம் முடிந்திருக்கும். புதுச் சாவியை இறக்குங்கள். அதோடு டோர் திட்டத்தின் "கீரிங்" பொதியையும் நிறுவுங்கள். அடுத்த முறை சாவி தானாக வரும். கையொப்பத்தைச் சரிபார்க்காமல் தாண்டிப் போகவும் ஒரு வழி உண்டு. அதைச் செய்யாதீர்கள். கையொப்பம் பார்க்காமல் மென்பொருளை ஏற்றுகிறவர் ரிலே வைத்திருப்பதில் பொருளில்லை.

*பொதி தடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா?* நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்பு ஒன்று புதுப் பொதியிலும் மாறியிருந்தால், "எதை வைத்துக்கொள்ள?" என்று கேட்கவேண்டி வரும். கேட்க ஆளில்லாததால் தானியங்கி அந்தப் பொதியை அப்படியே விட்டுவிடும். கையால் ஒருமுறை "ஏபிடி அப்கிரேட்" ஓட்டுங்கள். கேள்வி வந்தால் உங்கள் பழைய கோப்பை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

*வட்டு நிரம்பிவிட்டதா?* "டீஎஃப் மைனஸ் ஹெச்". 100 சதவீதம் என்றால் பழைய கெர்னல்களையும் லொக்குகளையும் துப்புரவாக்குங்கள். அவ்வளவுதான்.

*டெபியனே கிழடா?* கடைசிக் காரணம் இது, நேரமும் கேட்கும். டெபியன் 10-க்கான நீண்டகால ஆதரவும் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. அதில் இன்னும் இருப்பவருக்கு டோர் மட்டும் புதிதாக இருந்து பயனில்லை. தூரத்தில் இருக்கும் சேவரை இரண்டு மூன்று பதிப்பு தாவ வைப்பதற்கு எனக்கே கை நடுங்கும். நான் செய்வது: புதிய டெபியனோடு இன்னொரு சேவரை ஒரு மாதத்துக்கு எடுப்பேன், பழையதில் டோரை நிறுத்துவேன், "வார்-லிப்-டோர்" அடைவுக்குள் இருக்கும் "கீஸ்" அடைவைப் புதியதுக்கு மாற்றுவேன். ரிலேயின் கைரேகையும் (சாவியிலிருந்து வரும் அடையாள எண்) பெற்ற பெயரும் கூடவே வரும். ஒரே சாவியோடு இரண்டு சேவரையும் ஒரே நேரம் ஓடவிடக்கூடாது என்பது மட்டும் கவனம்.

அறிகுறி 2: புதுப்பித்த பிறகு டோர் எழும்பவே இல்லை

முதலில் "டோர் மைனஸ் மைனஸ் வெரிஃபை-கொன்ஃபிக்". அதை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டாதீர்கள். "டெபியன்-டோர்" என்ற பயனராக ஓட்டுங்கள். டோர்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை, நீக்கப்பட்ட பழைய விருப்பம் எதுவானாலும் அது சொல்லிவிடும்.

அது சரியென்று சொல்லியும் எழும்பவில்லையா? அப்படியென்றால் யாரோ ஒருநாள் அவசரத்தில் "டோர்" என்று ரூட்டாகத் தட்டியிருக்கிறீர்கள். இல்லை என்று சத்தியம் செய்யவேண்டாம். நானும் செய்திருக்கிறேன். அப்போது சில கோப்புகளுக்கு ரூட் சொந்தக்காரராகிவிடும். பிறகு சேவை தன் சொந்தப் பயனராக வந்து கதவைத் தட்டும்போது திறக்காது. "வார்-லிப்-டோர்" முழுவதையும் மறுபடி "டெபியன்-டோர்" பெயருக்கு மாற்றினால் தீர்ந்தது.

அதுவுமில்லை என்றால் அந்தப் போர்ட்டில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். 443-இல் ரிலே வைத்தவர்கள் அதே சேவரில் இணையத்தளமும் போடப்போய் மாட்டிக்கொள்வார்கள்.

அறிகுறி 3: லொக்கில் பிழையில்லை, ஆனால் பட்டியலில் ரிலே இல்லை

புதிதாகத் தொடங்கியதென்றால் மூன்று மணிநேரம் ஆகட்டும். தேநீர் குடியுங்கள். அதற்கு மேலும் இல்லையென்றால் லொக்கில் ஓஆர்போர்ட்டை (ரிலே இணைப்புகளை ஏற்கும் போர்ட்) வெளியிலிருந்து எட்ட முடிகிறது, "எக்ஸலண்ட்" என்று ஒரு வரி இருக்கிறதா தேடுங்கள். இருந்தால் காத்திருப்பதுதான் வேலை. இல்லையென்றால் வழி இரண்டாகப் பிரிகிறது.

*வாடகைச் சேவர் என்றால்:* சேவருக்குள் இருக்கும் தீச்சுவர் ஒன்று. வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருக்கும் தீச்சுவர் இன்னொன்று. இரண்டாவதை மறந்துவிடுகிறோம். இரண்டிலும் உங்கள் ஓஆர்போர்ட் திறந்திருக்கவேண்டும். அடுத்த சந்தேகம் ஐபிவி6. சேவருக்கு ஐபிவி6 முகவரி இருக்கும், ஆனால் அந்த வழியில் பாதை ஒழுங்காக இருக்காது. டோர் அந்த முகவரியைத் தானே கண்டுபிடித்து, சோதித்து, எட்ட முடியாமல் போனால் ரிலேயையே அறிவிக்காமல் இருந்துவிடும். ஓஆர்போர்ட் வரியின் கடைசியில் "ஐபிவி4ஒன்லி" என்று சேர்த்துப் பாருங்கள். இந்த ஒரு சொல்லுக்காக நான் இரண்டு இரவு நித்திரை முழித்தேன்.

*வீட்டு இணைப்பு என்றால்:* ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் போட்டிருக்கிறதா, ரிலே ஓடும் பெட்டிக்கு வீட்டுக்குள் நிலையான முகவரி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியை, "என் ஐபி என்ன" என்று இணையத்தில் கேட்டு வரும் முகவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் பிரச்சினை உங்கள் ரவுட்டரில்தான், ஆறுதலாகத் தேடலாம். வேறென்றால், அதிலும் ரவுட்டர் காட்டுவது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சிம் போட்ட ரவுட்டர்களில் அநேகமாக இதுதான் கதை. நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் வரமுடியாது.

இங்கேதான் வெளியாளைக் கூப்பிடும் கட்டம். இணைய நிறுவனத்துக்கு அழைத்து "எனக்கு பப்ளிக் ஐபி வேண்டும்" என்று கேளுங்கள். கேட்கும் கட்டணம் கட்டுப்படியாகவில்லையென்றால் விட்டுவிட்டு ஸ்னோஃப்ளேக்குக்குப் போங்கள். அதற்குப் போர்ட் திறக்கத் தேவையில்லை, பிரவுசரில் ஒரு நீட்சியாகவே ஓடும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டபோது கண்ட கண்ட வீபீஎன்னையெல்லாம் இறக்கி அல்லாடியவர்கள் நாங்கள். தடைக்குள் இருக்கும் இன்னொரு ஊர்க்காரருக்கு ஸ்னோஃப்ளேக் ஒரு வாசல். அது ரிலேக்குக் குறைந்த தொண்டில்லை.

அறிகுறி 4: கரண்ட் போய் வந்ததிலிருந்து சரியில்லை

இந்தப் பக்கம் ரிலே வைத்திருப்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாத தலைப்பு. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை போனது. 2025 பெப்ரவரி 9 பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் போனதில் நாடே இருண்டது. என் வீட்டு ரிலே "ஸ்டேபிள்" கொடியை (நிலையாக ஓடுகிறது என்ற குறி) இழப்பதற்குக் குரங்கும் ஒரு காரணம்.

*மணி சரியா?* கரண்ட் வந்ததும் முதல் சந்தேகம் இதுதான். ராஸ்பெரி பையில், 4 வரையான மாதிரிகளில், கடிகார பற்றரியே கிடையாது. எழும்பும்போது கடைசியாக நினைவிருந்த நேரத்திலிருந்து தொடங்கும். ரவுட்டர் எழும்பி இணையம் வருவதற்குள் டோர் தொடங்கிவிட்டால், கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று லொக்கில் முறையிடும். "டைம்டேட்சிடிஎல்" தட்டி, கடிகாரம் ஒத்திசைந்தது "யெஸ்" என்று வரும்வரை பார்த்து, பிறகு டோரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

நேரத்தைக் கையால் திருத்தவேண்டாம். ஏறாவூர் நண்பர் ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்தினார். பெட்டியின் நேர வலயம் யூடிசியாக இருந்தது. கண்ணுக்கு மணி சரி. டோருக்கோ 5 மணி 30 நிமிடம் எதிர்காலத்தில் வாழும் ரிலே. லொக்கில் வித்தியாசம் ஏறத்தாழ ஐந்தரை மணி என்று கண்டால் வேறெதையும் தேடாதீர்கள், இதுதான்.

*வெளி ஐபி மாறியதா?* ரவுட்டர் நின்று எழும்பினால் வீட்டு இணைப்பில் முகவரி மாறுவது வழமை. டோர் தானாகக் கண்டுபிடித்துப் புதிதாக அறிவிக்கும். டோர்ஆர்சியில் "அட்ரஸ்" வரியில் பழைய ஐபியைக் கையால் எழுதி வைத்திருந்தால் மட்டும் சிக்கல். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

*எஸ்டி கார்டு போய்விட்டதா?* கோப்புகளில் எழுத முடியவில்லை, "ரீட்-ஒன்லி" என்று லொக்கில் வந்தால் கார்டு சாகப் போகிறது. இன்னும் வாசிக்க முடிகிறபோதே "கீஸ்" அடைவைப் பிரதியெடுங்கள். மற்றதெல்லாம் மறுபடி நிறுவலாம். பிறகு கார்டைத் தூக்கிப்போட்டு யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாறுங்கள்.

*ரவுட்டருக்கும் பெட்டிக்கும் யூபிஎஸ்:* ரிலேக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுவிட்டு பைபர் பெட்டியை மறப்பவர்கள் உண்டு. வெளிச்சம் இருக்கும், வழி இருக்காது. இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் கொளுவுங்கள். மாரியில் இடி மின்னல் தொடங்கினால் யூபிஎஸ்ஸை நம்பவேண்டாம்; டோரை நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். பெட்டியைத் தொடும்போது சுள்ளென்று கடித்தால், அல்லது ஒரே பிளக்கில் இரண்டாவது முறையும் ஏதாவது எரிந்தால், அது கொம்பியூட்டர் வேலை இல்லை. வயரிங் தெரிந்தவரை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 5: வீட்டில் வங்கித் தளம் திறக்கவில்லை, குடும்பம் கோபத்தில்

கல்லடியில் என் வீட்டில் நடந்தது. பெரியம்மா ஒரு வாரமாக "மனே, அந்த மினுங்குற பெட்டிய நிப்பாட்டு, பேங்க் துறக்குதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தா. நான் சிரித்தேன். பார்த்தால் அவ சொன்னதுதான் சரி. ரிலேக்களின் முகவரிகள் பகிரங்கப் பட்டியலில் இருக்கின்றன. சில தளங்கள் எக்ஸிட்டா (ட்ராஃபிக் டோரிலிருந்து வெளி இணையத்துக்குப் போகும் கடைசி ரிலே) நடுரிலேயா என்று பார்க்காமல் பட்டியலில் உள்ள எல்லா முகவரியையும் அடைத்துவிடுகின்றன.

போன் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அதில் திறந்து, வீட்டில் திறக்காவிட்டால் காரணம் ரிலேதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ரிலேயை நிறுத்தினாலும் உடனே சரியாகாது. தடைப்பட்டியல்கள் மெதுவாகத்தான் மறக்கும். உங்கள் முகவரி மாறும் வகையென்றால் ரிலேயை நிறுத்திவிட்டு ரவுட்டரைச் சிலமுறை மறுதொடக்கம் செய்தால் போதும். பிறகு ரிலேயை வாடகைச் சேவருக்கு மாற்றுங்கள். வீட்டில் ஸ்னோஃப்ளேக் இருக்கட்டும். ரிலேயாக இருந்த அதே முகவரியில் பிரிட்ஜ் (பகிரங்கப் பட்டியலில் வராத ரிலே) போடவேண்டாம். மறைந்திருக்கவேண்டிய வாசலை ஏற்கெனவே ஊர் அறிந்த முகவரியில் வைப்பது வீண்.

கூடவே ஒன்று: டோர்ஆர்சியில் "எக்ஸிட்ரிலே 0" என்று இருக்கிறதா பாருங்கள். வீட்டு இணைப்பில் எக்ஸிட் ஓட்டாதீர்கள். யாரோ எங்கோ செய்ததற்கு உங்கள் ஐபிதான் முகவரியாக நிற்கும். பொலிஸிலிருந்தோ இணைய நிறுவனத்திலிருந்தோ கடிதம் வந்தால் நீங்களே பதில் எழுதவேண்டாம். பெட்டியிலும் ஒன்றையும் அழிக்கவேண்டாம். கடிதத்தோடு சட்டத்தரணியிடம் போங்கள்.

அறிகுறி 6: வேகமே இல்லை

புது ரிலேயா? முதல் மூன்று நாள் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. எட்டாம் நாளளவில் அளவீடு முடியும். பிறகு "கார்ட்" கொடி (பயனர் முதலில் தொடும் ரிலேயாக நிற்கலாம் என்ற குறி) கிடைத்தால் ட்ராஃபிக் மறுபடி இறங்கும், பயப்படவேண்டாம். நிலைக்கு வர 68 நாள் போல ஆகும். இந்தக் காலத்தில் அமைப்பைக் கிண்டக் கிண்டத்தான் கெடும்.

பழைய ரிலே திடீரென்று பூச்சியமாகிவிட்டதா? "அக்கவுண்டிங்மேக்ஸ்" போட்டிருந்தால் மாத அளவு முடிந்து தூங்கப் போயிருக்கும். லொக்கில் "ஹைபர்னேட்" என்ற சொல்லைத் தேடுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளியா? சுமை தாங்கவில்லை என்று ரிலே தானே அறிவித்திருக்கிறது. ஒருமுறை சுமை ஏறினாலும் அந்தப் புள்ளி 72 மணிநேரம் நிற்கும். மூன்று நாளில் போய்விட்டால் விடுங்கள். போகாமல் நின்றால் நினைவகத்தைப் பாருங்கள். கெர்னல் டோரைக் கொன்ற தடம் லொக்கில் இருந்தால் "மேக்ஸ்மெம்இன்கியூஸ்" அளவைக் குறையுங்கள், அல்லது கொஞ்சம் பெரிய சேவருக்குப் பணம் கட்டுங்கள். வீட்டுப் பெட்டியென்றால் கச்சான் காற்றுக் காலத்தில் கைவைத்துப் பாருங்கள். சூடேறினால் பை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு சின்ன விசிறி போதும்.

அறிகுறி 7: நானில்லாத நேரத்தில் யாரோ உள்ளே வந்த மாதிரி இருக்கிறது

எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சேவருக்குள் நுழையும் வழி) லொக்கில் ஆயிரக்கணக்கில் தோல்வியடைந்த முயற்சிகள் இருப்பது சாதாரணம். இணையத்தில் இருக்கும் எல்லாச் சேவருக்கும் அது உண்டு. கடவுச்சொல்லால் நுழைவதை மூடிவிட்டு, சாவியால் மட்டும் நுழையுங்கள், மறந்துவிடலாம்.

வெற்றிபெற்ற நுழைவு ஒன்று, உங்களுடையதல்லாத நேரத்தில் இருந்தால் கதையே வேறு. அல்லது தெரியாத பயனர், தெரியாத செயலி. அப்போது துப்புரவாக்கிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். எனக்கும் அது முடியாது, என்னைவிடத் தெரிந்தவர்களும் செய்யமாட்டார்கள். சேவரை நிறுத்துங்கள். அழித்துப் புதிதாக நிறுவுங்கள். முக்கியமாக, இதுவரை பத்திரப்படுத்தச் சொன்ன அதே "கீஸ்" அடைவை இந்த முறை மட்டும் திருப்பிப் போடாதீர்கள். சாவி களவு போயிருந்தால் உங்கள் ரிலேயின் பெயரில் இன்னொருவர் நிற்கலாம். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோதும் அதைப் புதுப்பித்தது மட்டும் போதவில்லை. ரிலேக்காரர்கள் அடையாளச் சாவியையும் தூக்கிப்போட்டுப் புதிது எடுக்கவேண்டி வந்தது.

பழைய கைரேகையை எழுதி வைத்து, என்ன நடந்தது என்று டோர் திட்டத்தாருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவர்கள் அதைப் பட்டியலிலிருந்து விலக்குவார்கள். உங்கள் மற்ற ரிலேக்களில், ஒரே ஆளின் ரிலேக்களைப் பட்டியலிடும் "மைஃபேமிலி" வரியில் பழைய கைரேகையை எடுத்துப் புதியதைப் போடுங்கள். அதே கடவுச்சொல்லோ எஸ்எஸ்ஹெச் சாவியோ வேறெங்கும் இருந்தால் அதையும் மாற்றுங்கள். 68 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.